செட்டிநாட்டு முற்றத்தில் நம் நாட்டுப் பெரணி

காரைக்குடிக்கு அருகில் பூர்வீக வீடு. இரண்டாம் கட்டில் ஒரு முற்றம். அதற்குப் பின்னால் கிணற்றடியும் ஒரு பழைய மாமரமும். அந்த நிழலில் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத, நம் மண்ணுக்கே உரிய காட்டுப் பெரணி (ஃபெர்ன்) வளர்க்க ஆசைப்படுகிறீர்கள். கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்த செடிகள் இரண்டு முறையும் சித்திரை முடிவதற்குள் கருகிவிட்டன. நல்ல நிழலில் வைத்தும் ஏன் இப்படி ஆயிற்று, எந்தச் செடியை வாங்கினால் நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இடையில் போகிறபோக்கில், அப்பத்தா காலத்தில் கிணற்றின் உட்சுவர் முழுக்கப் பச்சை இலைகள் தொங்கிக்கொண்டிருந்ததாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கேள்வி செடியின் பெயரைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அதற்கு அடியில் இருப்பது நிழல் மட்டும் போதுமா என்ற ஐயம் என்று எடுத்துக்கொள்கிறேன். நிழல் மட்டும் போதாது. வேறு என்ன வேண்டும் என்பதற்கான விடை, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கிணற்று வரியிலேயே இருக்கிறது.

நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன். ஓய்வுக்குப் பிறகு தேவகோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பதினான்கு கோடைகளாகப் பெரணி வளர்த்து வருகிறேன். கீழே சொல்வதில் செடியின் உடலமைப்பு, வெயிலின் போக்கு, சுண்ணாம்பின் வேலை ஆகியவை உறுதியானவை. மண் கலவையின் அளவும் நீர் விடும் முறையும் என் ஒரு வீட்டு அனுபவம் மட்டுமே. உங்கள் வீட்டில் அவை சற்று மாறலாம். எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் கொடைக்கானல் செடிகள் ஏன் இறந்தன என்பதைப் பார்ப்போம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டரை ஒட்டித்தான். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய ஆறு பாகை செல்சியஸ் குறையும் என்பதால், அந்தச் செடி பகலிலும் இரவிலும் நம்மைவிடப் பன்னிரண்டு பாகை குளிர்ந்த இடத்தில் பிறந்து வளர்ந்தது. அதைவிட முக்கியமானது காற்றின் வறட்சி. வெப்பம் 22 பாகையும் ஈரப்பதம் 80 விழுக்காடும் உள்ள மலைக்காற்றோடு, 38 பாகையும் 40 விழுக்காடும் உள்ள நம் சித்திரைப் பகலை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், நம் காற்று இலையிலிருந்து ஈரத்தை ஏழு மடங்குக்கும் மேலான வேகத்தில் இழுக்கிறது. பெரும்பாலான பெரணிகளின் வேர் மெல்லியது, மேலாகப் பரவுவது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து நீரை மேலே அனுப்ப அதனால் முடியாது. நிழல் வெயிலைத்தான் தடுக்கும். வறண்ட காற்றைத் தடுக்காது. தொட்டி மண் ஈரமாக இருந்தும் இலை நுனியிலிருந்து உள்நோக்கிக் காய்ந்து வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த நோய்க்குறியேதான். 1829-இல் லண்டனில் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைத்திருந்தார். ஊரின் புகைக்காற்றில் அவர் தோட்டத்துப் பெரணிகள் பிழைக்கவில்லை. மூடிய அந்தக் குப்பிக்குள்ளோ ஒரு பெரணி தானே முளைத்து வளர்ந்தது. அடைபட்ட ஈரக்காற்று பெரணிக்கு எவ்வளவு வேண்டியது என்பதை அன்றிலிருந்து தோட்டக்காரர்கள் அறிவார்கள்.

இப்போது உங்கள் முற்றத்து நிழலைப் பற்றி ஒன்று. தை மாதத்தில் இடம் பார்த்து, 'இங்கே வெயிலே படவில்லை' என்று நட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் நானும் முதலில் அப்படித்தான் நட்டேன். நம் ஊர் 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அதன் பிறகு ஆவணி பத்தாம் தேதி வாக்கில் திரும்பி வரும் வரைக்கும் உச்சிவேளையில் அது நமக்கு வடக்கேதான் நிற்கும். முற்றத்தின் தென்புறச் சாய்ப்பு விளிம்பு பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அதன் உச்சிவேளை நிழல் முற்றத்துக்குள் ஆறரை அடி விழும். ஆனியில் அதே தென்புறத்தில் ஓரடி நிழல்கூடக் கிடையாது. வடபுறச் சாய்ப்புதான் இரண்டரை அடிக்கும் குறைவாக நிழல் தரும். ஆகவே குளிர்காலத்தில் தேர்ந்தெடுத்த நிழலிடம் கோடையில் அடுப்படி ஆகிவிடுகிறது. திறந்த முற்றத்தில் பெரணியை வைக்கவே வேண்டுமென்றால், தொட்டியில் வைத்துச் சித்திரைக்கு முன் முற்றத்தைச் சுற்றியுள்ள கூரையிட்ட பத்திக்குள் நகர்த்துங்கள். நிலத்தில் நட விரும்பினால் முற்றத்தை விட்டுவிட்டு மாமரத்தடிக்கும் கிணற்றடிக்கும் போங்கள்.

காற்றையும் கவனியுங்கள். நம் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகும். வீட்டைக் குளிர்விக்க முன்னோர் வைத்த காற்றுவழி அது. மனிதருக்கு நல்லது, பெரணிக்கு ஆகாது. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி ஈரத்தை இழந்து வரும் மேல்காற்று அந்த வழியில் நாளெல்லாம் வீசும். ஒரே வகைச் செடியில் ஒரே மண்ணில் இரண்டு தொட்டிகள் வைத்தேன். ஒன்று வாசல் நேரில், மற்றொன்று எட்டடி தள்ளித் தூண் மறைவில். ஆடி முடிவில் முதல் தொட்டியில் ஒவ்வோர் இலையின் ஓரமும் காய்ந்த வெற்றிலை போல மொறுமொறுத்திருந்தது. இரண்டாவதில் குருத்து விரிந்துகொண்டிருந்தது. இரண்டே தொட்டிகளை வைத்துச் செய்த இதைச் சோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து வாசல் நேரில் எதையும் வைப்பதில்லை.

அடுத்தது சுண்ணாம்பு. பழைய வீட்டுச் சுவர்களில் காரை உதிர்ந்து உதிர்ந்து முற்றத்து மண்ணும் பின்கட்டு மண்ணும் சுண்ணாம்பு ஏறிப்போயிருக்கும். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணைத் தட்டில் பரப்பி எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள்; சீறிக்கொண்டு நுரைத்தால் சுண்ணாம்பு மிகுதி என்று பொருள். இலைமக்கில் வளரும் பெரும்பாலான காட்டுப் பெரணிகள் அந்த மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் வெளிறியும் நிற்கும். அதைப் பசி என்று எண்ணி உரம் போட்டால் கேடுதான் மிஞ்சும். கிணற்று நீரும் பல இடங்களில் இதற்குத் துணைபோகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவம் தட்டுமானால், அதே படிவம் தொட்டி மண்ணிலும் நாள்தோறும் சேர்கிறது என்று கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில்தான் உங்கள் அப்பத்தாவின் கிணறு வருகிறது. சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும், எப்போதும் கசியும் ஈரம், காற்று புகாத ஆழம், நேரே படாமல் மேலிருந்து சிதறி வரும் வெளிச்சம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்திருந்ததால்தான் அங்கே பெரணி தானாக வந்தது. யாரும் நட்டதில்லை, காற்றில் வந்த தூள் விதைதான். அந்தச் சுவரில் பெரும்பாலும் இரண்டு வகைகள் இருந்திருக்கும். ஒன்று டெரிஸ் விட்டேட்டா: நடுத்தண்டின் இரு பக்கமும் நீண்டு ஒடுங்கிய சிற்றிலைகள், அடியில் குட்டையாகத் தொடங்கி மேலே போகப்போக நீண்டு, நுனியில் ஒரு நீளமான சிற்றிலையோடு முடியும், இலையின் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டது போலப் பழுப்பு நிற வித்துத் தூள் இருக்கும். மற்றொன்று அடியாண்டம்: கறுத்துப் பளபளக்கும், முடிபோல மெல்லிய காம்பு, விசிறி போன்ற சிறு இலை. உங்கள் நினைவில் இருப்பது நீண்ட இலையா, விசிறி இலையா என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிணற்று நீர்மட்டம் இறங்கிச் சுவர் காய்ந்தாலும், பழுதுபார்க்கிறேன் என்று உட்சுவரில் சிமெண்டுப் பூச்சு பூசினாலும் இரண்டுமே போய்விடும். எங்கள் கிணற்றில் வேலைக்கு வந்தவர்கள் ஒரே பிற்பகலில் சுவரைச் சுரண்டிச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். நான் ஊரில் இல்லை. அந்த இழப்பு இன்றும் மனத்தை விட்டுப் போகவில்லை.

ஆகவே என் முதல் பரிந்துரை டெரிஸ் விட்டேட்டாதான். சுண்ணாம்பை அது பொறுத்துக்கொள்வதோடு விரும்பவும் செய்கிறது. ஓரளவு வெயிலையும் தாங்கும். வேரடி காயாமல் இருந்தால் நம் ஊரில் ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். உடைந்த செங்கல், பழைய காரை, கொஞ்சம் இலைமக்கு, அவ்வளவே அதற்குப் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கண்மாயில் பறிக்கும் ஆரைக்கீரையும் பெரணி இனந்தான் என்பதால் இதையும் சமைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. மண்ணில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்தால் இந்தச் செடி அதை உறிஞ்சி இலையில் குவித்துக்கொள்ளும் என்பது 2001-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்டது. அதன் காய்ந்த இலைகளைக் கீரைப் பாத்திக்கு மூடாக்காகப் போடுவதையும் நான் தவிர்க்கிறேன்.

மாமரத்தடிக்கு வேறு இரண்டு சொல்வேன். வாய்க்கால் ஓரங்களிலும் ஓடைக்கரைகளிலும் காணும் கிறிஸ்டெல்லா வகைகள் நம் சமவெளியின் வெப்பத்துக்குப் பழகியவை. இலையைத் தொட்டால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். ஈரம் தவறாமல் இருந்தால் கோடையிலும் குருத்து விடும். மற்றொன்று நெப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா. இங்கே கடைகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. பாஸ்டன் ஃபெர்ன் என்று விற்கும் தொங்கும் செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த வேறோர் இனத்திலிருந்து வந்தது. அதையே நாட்டுச் செடி என்று சொல்லி என்னிடம் ஒரு கடையில் விற்றிருக்கிறார்கள். தொட்டியைத் தட்டி வேரைப் பாருங்கள்; கம்பி போல ஓடும் வேர்த்தண்டில் கோலிக்குண்டு அளவில் ரோமம் படர்ந்த நீர்க்கிழங்குகள் இருந்தால் அது பெரும்பாலும் நம் கார்டிஃபோலியா; பாஸ்டனில் கிழங்கு வராது. அந்தக் கிழங்குகளில் சேமித்த நீர், நீங்கள் இரண்டு நாள் வெளியூர் போனாலும் செடியைக் காப்பாற்றும். வேகமாகப் பரவும் செடி என்பதால் பாத்தியைச் செங்கல் வரிசையால் அடைத்து விடுங்கள்.

மாமரத்தின் கிளைக்கவட்டில் முடவாட்டுக்கால் வைக்கலாம். கொல்லிமலையில் சூப்புக்கு விற்கும் அதே கிழங்குதான். செம்பழுப்புச் செதில் மூடிய, ஆட்டுக்கால் போன்ற தண்டு. அடியில் பழுப்பு நிறத்தில் கிண்ணம் போல ஒட்டி நிற்கும் இலைகள் சருகைப் பிடித்து மக்கவைத்துச் செடிக்கு உணவாக்கும். மேலே எழும் பெரிய பச்சை இலைகள் வறட்சியில் உதிர்ந்து மழையில் மீண்டும் வரும். அதனால் பச்சை மாறாத செடி வேண்டும் என்ற உங்கள் விருப்பத்துக்கு இது முழுதும் பொருந்தாது. ஆனால் நம் கோடையை இதைவிட அமைதியாகத் தாங்கும் பெரணியை நான் வளர்த்ததில்லை. மலையோர அடியாண்டங்களில் ஒன்றான பிலிப்பென்ஸும் இப்படித்தான்: இலை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் புதுச் செடி முளைத்து நடந்து நடந்து பரவும், கோடையில் மேலே ஒன்றுமே இல்லாமல் மறைந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். லேசான ஈரம் மட்டும் வைத்து மழைக்குக் காத்திருங்கள்.

மண் கலவையில் நான் பயன்படுத்தும் அளவு இது, அனுபவம் மட்டுமே: நன்றாக மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பட்டாணி அளவுச் செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் சேர்த்து ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதானால், ஊறவைத்து வடித்து, வடிநீரின் செந்நிறம் வெளுக்கும் வரை நான்கைந்து முறை கழுவுங்கள். அதில் உப்பு மிகுதி. மா, பலா, புங்கன் இலைகள் நல்ல மக்கு தரும். தைலமரச் சருகை நான் சேர்ப்பதில்லை. நிலத்தில் நடுவதானால் சுண்ணாம்பு ஏறிய மண்ணுக்கு மேலே ஓரடி உயரத்தில் பாத்தி கட்டிக்கொள்ளுங்கள். நடும்போது தண்டின் குருத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். மாமர வேர் நீருக்குப் போட்டிபோடும் என்பதால் அடிமரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளியே நடுங்கள்.

நீருக்கு மழைநீரே சிறந்தது. முற்றத்து மூலைகளில் அண்டாவும் கிடாரமும் வைத்து ஓட்டு நீர் பிடித்த வழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் விழுகிறது. வழியில் வீணாவது போக எழுநூறாவது பிடிக்கலாம். பத்துத் தொட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு லிட்டர் போதும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் மூடியுள்ள தொட்டியில் சேமித்தால் கோடையில் நெடுநாள் வரும். கிணற்று நீரையே விடவேண்டிய நிலை வந்தால், மழைக்காலத்தில் தொட்டிகளை மழையில் நன்றாக நனையவிட்டு உப்பைக் கழுவிவிடுங்கள். பாத்தியின் நடுவில் சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடி வைத்தால், அது கசிந்து கசிந்து மண்ணையும் அதன் மேல் நிற்கும் காற்றையும் ஈரமாக வைத்திருக்கும். நாளுக்கு நான்கு முறை இலையில் தெளிப்பதைவிட இது பலன் தந்தது. தெளித்த ஈரம் சித்திரைப் பகலில் சில நிமிடங்களில் போய்விடுகிறது. உரம் என்று பார்த்தால், ஆண்டுக்கு ஒரு முறை நன்கு மக்கிய சாணத்தைக் கையளவு வேரோரம் தூவுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். யூரியா வேண்டவே வேண்டாம்.

இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துப் பூச்சி என்று சுரண்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவை வித்துக் குவியல்கள். வேறுபாடு எளிது: நரம்பின் இரு பக்கமும் பொத்தான் தைத்தது போல வரிசை பிசகாமல் இருந்தால் வித்து, ஒழுங்கின்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக, காம்பிலும் ஒட்டிக்கொண்டு, நகத்தால் நெம்பினால் முழுதாகப் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. பூச்சியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் என் மென்மையான பெரணி இலைகள் பலவற்றைக் கருக்கியிருக்கிறது.

செடி எங்கே கிடைக்கும் என்பது கடைசிக் கேள்வி. மலைப்பாதையில் பிடுங்கி விற்பதை வாங்காதீர்கள்; காப்புக்காட்டில் செடி எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம்; கோயில்காட்டில் கைவைப்பதும் முறையன்று. பக்கத்து வீட்டுப் பழைய கிணற்றிலோ மதகுச் சுவரிலோ டெரிஸ் நிற்குமானால், உரிமையாளரிடம் கேட்டு வித்து முற்றிய ஓர் இலையை மட்டும் அறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் அடிப்புறம் கீழாக வைத்து, மேலே ஒரு புத்தகத்தைப் பாரமாக வைத்தால், மறுநாள் காலையில் இலையின் வடிவத்தையே கோடு கோடாக வரைந்தது போலப் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கும். சூளைச் செங்கல் ஒன்றின் மீது கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, மழைநீர் நிரம்பிய தட்டில் பாதி மூழ்க வைத்து, அந்தத் தூளை மேலே மெல்லத் தட்டி, கண்ணாடியாலோ தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவாலோ மூடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். சில வாரங்களில் செங்கல் பச்சை பூசியது போலாகும். பிறகு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவத் தகடுகள் தெரியும். அது இன்னும் பெரணி ஆகவில்லை. அந்தத் தகட்டில் ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர வேண்டும்; நீர்ப்படலம் இல்லாமல் அது நடக்காது என்பதால் இந்தக் கட்டத்தில் கொதித்து ஆறிய மழைநீரைப் பனிபோலத் தெளியுங்கள். முதல் சின்ன இலை சுருண்டு எழும்ப மூன்று நான்கு மாதம் ஆகலாம். தொட்டிக்கு மாற்ற ஓராண்டுகூட ஆகும். எனக்கு மூன்றில் ஒரு செங்கல் பாசி பிடித்துக் கெட்டுப்போகிறது, ஆகவே ஒரே நேரத்தில் மூன்று கற்களில் தொடங்குங்கள்.

இதை ஐப்பசியில், முதல் பெருமழைக்குப் பின் தொடங்கினால் குளிர்ந்த மாதங்கள் முழுதும் உங்கள் பக்கம் இருக்கும். அதற்குள் கிணற்றின் உட்சுவரை ஒருமுறை விளக்கு வைத்துப் பார்த்துவிடுங்கள். சிமெண்டு பூசாத பழைய காரை ஓரடி மிஞ்சியிருந்தாலும், அங்கே ஈரம் கசியுமானால், மிச்சத் தூளை அந்த இடத்தில் தட்டி வையுங்கள்.